கராஜுக்கு எவ்வளவு சூடு

செப்டம்பர் 21, ஞாயிறு

என் வீட்டுக்காரர் வெர்னர் இன்று சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் எழுத்து வரிசைப்படி அடுக்கி வைத்துவிட்டார். இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுத்தவள் நான். இன்றைக்குத் தேடினேன்.

"தேட வேணாமேன்னுதான் அடுக்கினேன்"ங்கிறார்.

சண்டை போடத் தெம்பில்லை. பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. வந்ததும் டிவி கத்துகிறது. சுரங்க வேலையிலிருந்து வெர்னர் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கோடையில் தொல்லை இல்லை, காலையில் கராஜுக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். குளிர் வந்தால்தான் எனக்குத் திண்டாட்டம்.

போன வருஷம் குளிரோடு குளிராகக் கராஜிலேயே நின்றார். டிசம்பரில் நிமோனியா, டுலூத் நகரத்து ஆஸ்பத்திரி. மூச்சுக்குழாய்கள் ஏற்கெனவே கெட்டுப்போனவை. பாதி சுரங்கத்துத் தூசி, பாதி சிகரெட். ஆகஸ்டில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: குளிர்காற்றை உள்ளே இழுக்கக் கூடாது, நாற்காலியிலும் உட்கார்ந்துவிடக் கூடாது. நிற்கணும், நடக்கணும், கையால் ஏதாவது செய்யணும். உட்கார்ந்துவிட்டால் இருக்கிற மூச்சும் போய்விடும்.

இந்த வீட்டில் எங்கே போய் நிற்பார்? இருப்பதே இரண்டு அறையும் ஒரு சமையலறையும்.

கராஜுக்கு ஹீட்டர் போடப் போகிறேன். அவர் நுரையீரலுக்காக என்று ஊருக்குச் சொல்வேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். தினமும் நாலு மணி நேரமாவது அவர் இந்த வீட்டில் இல்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மார்ச் மாதத்துக்குள் இரண்டு பேரில் ஒருத்தர்தான் மிஞ்சுவோம்.

செப்டம்பர் 24, புதன்

சொன்னேன். "வேணாம். கராஜ் கராஜா இருக்கட்டும்" என்றார்.

ஏன் என்று கேட்டதற்கு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தம்பி டேல் வந்தான். இந்த ஊரில் ஆம்பிளை என்று ஒருத்தன் இருந்தால் அவனுக்கு ஹீட்டரைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும். டேலுக்கு மூன்று.

"அக்கா, எடுக்கறதே எடுக்கறே, எழுபத்தஞ்சாயிரம் பி.டி.யு.வா எடு. பெருசா இருந்தா ரெண்டு நிமிஷத்துல சூடாயிரும். சின்னதை வாங்கிட்டு அப்பறம் அழாதே."

"உன் வொர்க்‌ஷாப்ல ஹீட்டரே இல்லையேடா."

"அதான் சொல்றேன். வாங்கினா அப்படித்தான் வாங்குவேன்."

ஹீட்டர் கடைக்காரர் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஹீட்டர் மணிக்கு எவ்வளவு சூடு தரும் என்பதைத்தான் பி.டி.யு. என்று போடுகிறார்கள். கராஜ் இருபத்து நாலுக்கு இருபத்து நாலு அடி, உயரம் ஒன்பது. ஃபாரன்ஹீட் கணக்கில் வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பது போகிற நாளிலும் உள்ளே ஐம்பத்தைந்து டிகிரி நிற்க வேண்டும். அப்படியானால் எண்பத்தைந்து டிகிரி ஏற்ற வேண்டும். சுவருக்குள் சூட்டைத் தடுக்கிற பஞ்சு இல்லாவிட்டால் டேல் சொல்வதும் போதாது, சுடச்சுட எல்லாம் வெளியே போய்விடும். பஞ்சு வைத்து அடைத்தால் நாற்பத்தைந்தாயிரம் போதும். அதற்கு மேல் போவது சின்னப் பாத்திரத்துக்குப் பெரிய அடுப்பு வைக்கிற மாதிரி. குப்பென்று எரியும், அணையும், மறுபடி எரியும். தலை வேகும், தரை சில்லென்றே கிடக்கும். இது எனக்குக் கணக்கே போடாமல் தெரியும், அடுப்படியில்தானே காலம் போயிற்று.

நான் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது வெர்னர் வாசலில் நின்று பார்த்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக்கூட வரவில்லை.

அக்டோபர் 4, சனி

கோர்டி ஜுபான்சிச் உதவி செய்ய வந்தான். வெர்னரோடு சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் முப்பது வருஷம் இருந்தவன். கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கிற, பீரங்கி மாதிரி நெருப்பு ஊதுகிற மண்ணெண்ணெய் ஹீட்டரை ட்ரக்கில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"கணக்கெல்லாம் எதுக்கு ஆர்லிஸ்? இதைப் பத்த வச்சா சானா நீராவிக் குளியலே தோத்துப்போகும். துண்டு எடுத்து வை."

பற்ற வைத்தான். விமானம் கிளம்புகிற சத்தம். ஐந்து நிமிஷத்தில் சூடு, அதோடு நாற்றம், அதோடு ஜன்னலெல்லாம் வியர்த்து ஒழுகுகிறது. புகை வெளியே போக வழியில்லாத எந்த ஹீட்டரும் ஈரத்தையும் விஷத்தையும் உள்ளேயே விடும் என்று அந்தத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நான் படித்துக் காட்டி முடிப்பதற்குள் வெர்னருக்கு இருமல் பிடித்துவிட்டது. முகம் நீலமாகிவிட்டது. இன்ஹேலரை எடுத்து அவர் வாயில் வைத்தேன்.

கோர்டி பாவம், பீரங்கியைத் தூக்கிக்கொண்டு தலை குனிந்தபடி போனான். வெர்னருக்கு மூச்சு வந்ததும் முதலில் சொன்னது: "பாத்தியா, அதான் வேணாம்னேன்."

எதுக்குய்யா வேணாம். எதுக்குன்னு சொல்லேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

முதல் பனி. தரையில் நிற்கவில்லை. டிவி நின்றபாடில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். உத்தரத்தில் தொங்குகிற காஸ் ஹீட்டர், நாற்பத்தைந்தாயிரம். எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிற ரகம். அந்த அளவை மின்சாரத்தில் எடுத்தால் எங்கள் வீட்டு மெயின் தாங்காது.

டேலும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகச் சுவரில் கண்ணாடிப் பஞ்சு அடைத்தோம். உடம்பெல்லாம் அரிப்பு. வெர்னர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னார். காஸ் நாறுமாம். விசிறிச் சத்தம் தலைவலியாம். உத்தரத்தில் தொங்கவிட்டால் கப்பிக்கு இடைஞ்சலாம்.

"கப்பி எதுக்குங்க இப்போ?" என்று கேட்டேன்.

"கராஜ் குளுகுளுன்னு இருக்கணும்னுதான் வடக்கே பாத்துக் கட்டினேன்" என்றார். கேட்டது ஒன்று, பதில் வேறொன்று. நான் அலுத்துப்போய் ஏணியில் ஏறிவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

ஹீட்டர் வேலை செய்கிற ஜோலீன் வந்து அதை மாட்டிவிட்டுப் போனாள். வேலை தெரிந்த பெண், வாய் அதிகமில்லை. கதவிடுக்கில் ரப்பர் வைத்தாள், வாயு கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றைச் சுவரில் பொருத்தினாள்.

வெளியே பதினெட்டு டிகிரி, உள்ளே ஐம்பத்தைந்து. தரைகூடக் கொஞ்ச நேரத்தில் சில்லிப்பு விட்டது. நான் கோட்டைக் கழற்றிவிட்டு நடுவில் நின்றேன். இவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தப் பொருளாலும் வந்ததில்லை. நாளை ஞாயிறு. வீடு எனக்கே எனக்கு.

அக்டோபர் 26, ஞாயிறு

போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"என்னாச்சு?"

"நல்லாத்தான் இருக்கு."

டிவி.

அக்டோபர் 30, வியாழன்

இதே கதைதான் தினமும். போகிறார், ஒரு சுற்றுச் சுற்றுகிறார், வருகிறார். நடக்கிற தூரம் குறைந்துவிட்டது. நேற்று படிக்கட்டு நாலு ஏறுவதற்குள் நின்றார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அளவு தப்பா? சூடு அதிகமா, குறைவா? இரண்டு முறை கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்த மனுஷன்... களைப்பாக இருக்கிறது. தூங்கப் போகிறேன்.

நவம்பர் 5, புதன்

சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. டேல் எட்டிப் பார்த்தான். காபி குடித்துக்கொண்டே வெர்னரிடம் சொன்னான்:

"மச்சான், இந்த வருஷம் மானையெல்லாம் கோர்டி ஷெட்லயே மாட்டிக்கிறோம். உங்க கராஜ்தான் இப்ப அரண்மனை ஆயிருச்சே. சூட்டுல கறி கெட்டுப்போகும்."

"அதுவும் சரிதான்" என்றார் வெர்னர்.

"நீங்க சிரமப்பட வேணாம் பாருங்க."

"ஆமா, ஆமா."

ஒவ்வொரு நவம்பரிலும் வேட்டைக் கூட்டத்தின் மான்கள் எங்கள் கராஜ் உத்தரத்தில்தான் தொங்கும், ஒரு வாரம். பிறகு அங்கேயே நின்று தோலுரித்து வெட்டிப் பங்கு போடுவார்கள். தரையெல்லாம் ரத்தம், என் குளியலறை முழுக்கச் சேற்றுப் பூட்ஸ். அது இந்த வருஷம் இல்லை என்றதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. டேலுக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டி வைத்தேன்.

நவம்பர் 8, சனி

எழுத முடியுமா தெரியவில்லை. 

நாலரை மணி, இருட்டிக்கொண்டு வருகிறது. கடைக்குப் போய்விட்டு வருகிறேன், கராஜின் பெரிய கதவு மேலே தூக்கியிருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது. ஹீட்டர் ஓடவில்லை. வெர்னர் பெரிய கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பெஞ்சுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கப்பியில் புதுக் கயிறு மாட்டியிருக்கிறது. தரையில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்திருக்கிறார், ரத்தம் சொட்டினால் பிடிக்க. உள்ளேயும் வெளியேயும் ஒரே உறைகுளிர், இருபது டிகிரிதான் இருக்கும். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. உதடு வெளுத்துக் கிடந்தது.

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். "பைத்தியமா உனக்கு? சாகணும்னா சொல்லிட்டுச் சாவு, எனக்கு ஏன் இந்த வேலை வைக்கிற?"

அவர் மெதுவாகத்தான் பேசினார். மூச்சு அவ்வளவுதான் இருந்தது.

"ஒருவேளை வருவானுங்களோன்னு பாத்தேன். குளிரா வச்சிருந்தா ஒருவேளை..."

"அவங்கதான் கோர்டி வீட்டுக்குப் போறோம்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க." கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினார். "துப்பாக்கி தூக்க முடியல, காட்டுக்குள்ள நடக்க முடியல. மிச்சம் இருந்தது இந்த உத்தரம் ஒண்ணுதான் ஆர்லி. இதுக்காகவாவது இங்க வந்துதானே ஆகணும் அவனுங்க. சூடு பண்ணிட்டா யாரு வருவான் இங்க?"

 செப்டம்பரிலிருந்து கேட்டேனே, ஏன்னு கேட்டேனே, ஏன் சொல்லல?

அதையும் கேட்டேன். "நீ வாரக்கணக்கா தாளும் பென்சிலுமா உக்காந்து எனக்காகக் கணக்கு போட்டே. எப்படிச் சொல்லுவேன்" என்றார்.

உனக்காக இல்லய்யா. எனக்காகத்தான் போட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அவருக்குக் காய்ச்சல். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார், நாளைக்கும் ஏறினால் ஆஸ்பத்திரி என்றார்.

நவம்பர் 10, திங்கள்

ஏறவில்லை. லீவு போட்டு வீட்டில் இருந்தேன். தூங்கும்போது அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோபமும் இருக்கிறது, அழுகையும் இருக்கிறது. ஹீட்டரைக் கழற்றினால் இந்தக் குளிர்காலம் அவரைக் கொண்டுபோய்விடும். கழற்றாமல் விட்டால் நாற்காலி கொண்டுபோய்விடும். இதற்கு எந்தத் தாளில் கணக்கு இருக்கிறது?

நவம்பர் 12, புதன்

இன்று பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய ஓவன் முன்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். பால் தீர்ந்துவிட்டது என்று குளிர் அறைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். பத்தொன்பது வருஷமாகத் தினமும் போகிற அறை. இந்தப் பக்கம் ஓவன், அந்தப் பக்கம் பாலும் கறியும் சில்லென்று. நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. அவ்வளவுதான்.

பால் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கூட வேலை செய்கிறவள் கதவைத் தட்டி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டாள்.

நான் கராஜை அளந்தேன். அவர் அதில் எங்கே நிற்பார் என்று அளக்கவில்லை. நிற்பது பெஞ்சு இருக்கிற பாதியில். மான் தொங்குவது மற்றப் பாதியில். முழுக் கராஜையும் எதற்குச் சூடாக்கினேன்?

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கணக்குப் போட்டேன். நடுவில் சுவர் எழுப்பி இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்தால் சூடாக்க வேண்டியது பன்னிரண்டுக்கு இருபத்து நாலு அடிதான். பெரிய கதவும் குளிர்ப் பக்கம் போய்விடும், அதன் வழியாகச் சூடு கசியாது; கடும் குளிரிலும் பதினோராயிரம் பி.டி.யு. போதும். அவ்வளவு சின்னதென்றால் மின்சார ஹீட்டரே போதும், ஐந்து கிலோவாட். மெயின் தாங்குமா என்று ஜோலீனிடம் போனில் கேட்டேன். "தாங்கும். வெள்ளிக்கிழமை வரேன்" என்று வைத்துவிட்டாள்.

பிறகு டேலைக் கூப்பிட்டேன். முதலில் திட்டினேன். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். 

"எங்களுக்கு அப்படித் தோணவே இல்லக்கா. மச்சானுக்குச் சிரமம் கொடுக்க வேணாம்னுதான்..."

"தெரியும். எனக்கும் தோணல."

நவம்பர் 14, வெள்ளி

மூன்று நாளாகச் சாயங்காலம் டேலும் கோர்டியும் வந்து சுவர் எழுப்புகிறார்கள். கோர்டி வாய் ஓயவில்லை. "நடுவுல சுவரா? அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் ஃபின்லாந்துக் குளிர், அந்தப் பக்கம் ஃப்ளோரிடா வெயில்." வெர்னர் இன்னும் வெளியே வரக்கூடாது. ஜன்னல் வழியாகப் பார்த்து, கட்டை நேராக இல்லை என்று கையால் சைகை காட்டினார். அவர்கள் அதைக் கழற்றி மறுபடி அடித்தார்கள். நான் பார்த்த வரைக்கும் நேராகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஜோலீன் பெரிய ஹீட்டரை இறக்கிவிட்டுச் சின்னதை மாட்டினாள். பெஞ்சுக்கு மேலே, அவர் தோளுக்கு நேராகக் காற்று விழுகிற மாதிரி. இறக்கியதை டேல் தன் வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துக்கொண்டான். "சின்னதுதான், என்ன பண்றது, சமாளிச்சுக்கறேன்"ங்கிறான்.

நவம்பர் 17, திங்கள்

கோர்டி ஷெட்டில் தொங்கிய மூன்று மானையும் நேற்று இங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். கயிறு இழுத்தது அவர்கள். கப்பியை எப்படித் திருப்ப வேண்டும் என்று தடுப்புக் கதவின் கண்ணாடி வழியாக ஆள்காட்டி விரலால் அதிகாரம் செய்தது வெர்னர்.

குளிர்ப் பக்கம் முப்பத்து மூன்று. சூட்டுப் பக்கம் அறுபது. இரண்டு தெர்மாமீட்டரையும் நானே போய்ப் பார்த்தேன்.

குளியலறையில் சேறு. துடைத்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வேட்டையின் கடைசி நாள். மொத்தம் ஐந்து மான். இந்தத் தடவை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். டேலும் கோர்டியும் குளிர்ப் பக்கத்தில் தோலுரித்து, தொடை தொடையாகக் கதவு வழியாக உள்ளே கொடுக்கிறார்கள். வெர்னர் பெஞ்சில் நின்று எலும்பு எடுத்து வெட்டுகிறார். முன்பெல்லாம் ஆளுக்கொரு பக்கம் வெட்டுவார்கள். இப்போது எல்லாக் கறியும் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். கோர்டி அவசரப்படுத்தினால், "வரிசையில நில்லு" என்று அதட்டுவது சமையலறைவரைக்கும் கேட்டது.

எட்டு மணிக்குப் போனவர். மத்தியானம் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீடு எனக்கே எனக்கு இருந்தது. டிவி இல்லை. என்னவெல்லாமோ செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். சோபாவில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் நினைவு. இருட்டின பிறகுதான் கண் விழித்தேன்.

ஆறரைக்கு வந்தார். மேசையில் சூப்பை வைத்துவிட்டு ரொட்டி எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப் போயிருந்தார், கையில் கரண்டியோடு. பயந்துபோய்க் கிட்டே போனேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. கன்னத்தில் நிறம் இருந்தது. சட்டைக் கை முட்டிவரை கொழுப்பு. தோளைத் தொட்டதும் கண் திறந்தார்.

"என்னங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. களைச்சுப் போயிட்டேன்" என்றார். "வேலை செஞ்சேன்ல."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் கீழே உட்கார்ந்து அவர் பூட்ஸைக் கழற்றினேன்.